துணியில்லாமல் ஓடிய மிஷின்

தைத்து முடித்த கொசுவலையைக் கூரையில் தொங்கும் கம்பி வளையத்தில் மாட்டி, அதற்குள் நின்றுகொண்டு ஓட்டை தேடுவது அவளுடைய வேலை. ஒரு நாளைக்கு அறுபது வலை. ஊசிமுனை அளவு கிழிசலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் தையல் கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வலைக்குள்ளிருந்து பார்த்தால் கூடமே பனியில் மூழ்கியதுபோல இருக்கும். எட்டு மிஷின்களும் எட்டுப் பெண்களும் வெள்ளையாகக் கரைந்து, தரையைத் தொடாமல் மிதந்துகொண்டிருப்பார்கள்.

ஜன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும். காற்று வந்தால் வலைத்துணி வெட்டுமேசையில் படியாது, எழுந்து பறக்கும். அதனால் வெட்டு மாஸ்டர் நான்கு ஜன்னல்களுக்கும் ஆணி அடித்துவிட்டார். அவர் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். அவருக்குக் கேட்காத தூரத்தில் அவர் பெயர் முழக்கோல்.

அன்று மதியம் அவள் இருபத்தோராவது வலைக்குள் இருந்தாள். மூன்றாவது மிஷினில் அவளுடைய அண்ணன் மனைவி குனிந்து உட்கார்ந்திருந்தாள். மிஷின் கடகடவென்று ஓடியது. அண்ணியின் தோள்கள் குலுங்கின. ஊசிக்குக் கீழே துணி இல்லை.

பூதக்கண்ணாடி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். வலையின் மங்கலில் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று நினைத்து எண்ணத் தொடங்கினாள். மணி அடிப்பதற்குள் பதினோரு தடவை அந்த மிஷின் வெறுமனே ஓடியது. பதினோரு தடவையும் அண்ணி கைத்துண்டால் வாயைப் பொத்தியிருந்தாள்.

மாஸ்டர் அந்தப் பக்கம் வந்தார். “உங்க அண்ணி மிஷின் சத்தம்தான் தெருக்கோடி வரைக்கும் கேக்குது. வலையை மட்டும் காணோம். சத்தத்தையா தெக்கிறாங்க?”

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. புழுக்கம் என்று சொல்லி அண்ணி மூன்று வாரமாகச் சமையலறையில் படுக்கிறாள். குழந்தைகளை மடியில் ஏற்றுவதில்லை. சட்டை அவளுக்குத் தொளதொளவென்று ஆகியிருக்கிறது.

எல்லோரும் கிளம்பியதும் அவள் வலைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். “அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க. ஒரு ஓட்டை மாதிரி இருக்கு.”

“நான் இங்கயே நிக்கிறேன். சொல்லு.”

“எத்தனை நாளா?”

“என்னது?”

“ஓட்டை பாக்கறதுதான் அண்ணி என் பொழப்பே. என்கிட்டயே மறைக்கிறீங்களா?”

அண்ணி வலையின் ஓரத்தை விரலால் நீவினாள். “இருபத்து மூணு நாளா இருமல். ராத்திரியில வேர்த்துக் கொட்டுது.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன வெளியாளா?”

“மத்தவங்ககிட்ட சொல்லியிருப்பேன். உன்கிட்டதான் பயம்.”

கோபமில்லாமல் சொன்னாள். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வலைக்கு நாடா தைக்கும் பெண் ஒருத்திக்குக் காசநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டுத் தேறி, மருத்துவர் சரி என்ற பிறகே வேலைக்குத் திரும்பினாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். பூதக்கண்ணாடியோ கழித்துப்போட்ட வலை ஒன்றை அவள் நாற்காலியைச் சுற்றித் தொங்கவிட்டாள். “மகாராணிக்குப் பல்லக்கு” என்றாள். கூடமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான்காம் நாளிலிருந்து அவள் வரவில்லை.

“எனக்கும் பல்லக்குக் கட்டிடுவியோன்னு இருந்தேன்” என்ற அண்ணிக்கு இருமல் வந்தது. மறைக்க மிஷின் ஓடாததால் அதன் சத்தம் முதல்முறையாக முழுதாகக் கேட்டது. வலை மெல்ல அசைந்து பூதக்கண்ணாடியின் முகத்தைத் தொட்டது. நாளுக்கு அறுபது வலை பார்க்கும் அவள் இப்போதுதான் அதைக் கவனித்தாள். கொசு நுழைய முடியாத அத்தனை கண்களிலும் காற்று தாராளமாக நுழைந்து வந்தது.

மறுநாள் காலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். சளியைச் சோதித்தார்கள். காசநோய்தான். “ஆறு மாசம் மாத்திரை” என்றாள் செவிலி. “ரெண்டாவது மாசத்துலயே, எல்லாம் சரியாப் போச்சுன்னு உடம்பு சொல்லும். உடம்பு பேச்சைக் கேக்காதீங்க, நாங்க சொல்றதைக் கேளுங்க. நடுவுல நிறுத்தினா கிருமி மருந்துக்கே பழகிடும். வீட்டுல இருக்கறவங்க, பக்கத்து மிஷின்ல இருக்கறவங்க எல்லாரையும் சோதிக்கணும்.” சோதித்ததில் வேறு யாருக்கும் நோய் இல்லை.

அடுத்த வாரம் பூதக்கண்ணாடி ஒரு குறட்டோடு போய் ஜன்னல் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

“துணி பறக்குமேம்மா” என்றார் மாஸ்டர்.

“இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைங்க. பத்தலைன்னா நீங்களே மேசைமேல ஏறிப் படுங்க.”

“நான் படுத்தா அளவு கிடைக்கும், கனம் கிடைக்காது” என்று சொல்லி, அவள் கையிலிருந்த குறட்டை வாங்கி மீதி ஆணிகளை அவரே பிடுங்கினார். முழக்கோல் என்ற பெயர் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மருத்துவர் அனுமதித்த பிறகு, ஆறாவது வாரம் அண்ணி வந்தாள். நான்கு ஜன்னல்களும் திறந்திருந்தன. தொங்கிய வலைகள் எல்லாம் மூச்சிழுத்ததுபோல உப்பி, மெதுவாகத் தாழ்ந்தன. அண்ணி வாசலிலேயே நின்று தன் நாற்காலியைப் பார்த்தாள். அதைச் சுற்றி எதுவும் தொங்கவில்லை. பக்கத்திலேயே பூதக்கண்ணாடி தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி வலையிலிருந்து வெளியே வந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: “யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சொல்லுங்க, நானே கூட வர்றேன். அன்னைக்கு நான் கட்டின வலை எந்தக் கிருமியையும் தடுக்கலை. எங்க அண்ணி வாயைத்தான் அடைச்சுது. நோய் வந்தது யார் தப்பும் இல்லை. வந்தவங்களை அதை மறைக்க வெக்கிறோமே, அதுதான் தப்பு. நோய் பரவறதே அதனாலதான். அந்தத் தப்பைப் பண்ணினவ நான்.”

அண்ணி உட்கார்ந்து, ஊசிக்குக் கீழே வலைத்துணியை வைத்தாள். மிஷின் ஓடியது. துணி நகர்ந்தது.