முர்ரா குரைக்கவில்லை

கைபேசித் திரையில் எழுபத்து நான்கு என்று காட்டிக்கொண்டிருந்த எண் சட்டென்று பூஜ்யமானபோது, குன்வோர் தன் காவலிடத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபியை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். முர்ரா ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை குரைக்கிறது என்பதை அதன் கழுத்துப் பட்டையிலிருந்த கருவி எண்ணி அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுபதைத் தாண்டினால், நாய் ஒரு மூஸ் மானை மடக்கி நிறுத்திவிட்டது, துப்பாக்கியோடு வரலாம் என்று பொருள். அரை மணி நேரமாக அந்தக் குரல் சதுப்புக்கு அப்பாலிருந்து கணீரென்று வந்துகொண்டிருந்தது. அந்தக் குரலுக்காக வட்டாரமே அவள்மேல் பொறாமைப்பட்டது. இப்போது அது நின்றுவிட்டது. எண்ணூறு மீட்டர் தள்ளி இருப்பதாகக் காட்டும் புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. காபி மூடி நிறைந்து கையுறையில் வழிந்து சுட்ட பிறகுதான் அவளுக்குத் தான் ஊற்றிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

காதில் மாட்டியிருந்த ரேடியோவில் ஹென்னிங்கின் குரல் கரகரத்தது. அவன்தான் ஏழு பேர் கொண்ட அந்த வேட்டைக் குழுவின் தலைவன்; குன்வோரின் இறந்துபோன கணவனுக்குத் தம்பி.

"குன்வோர், உன் ஆளு என்ன தூங்கிட்டாளா? சத்தத்தையே காணோம்."

"தெரியல. புள்ளி அங்கயேதான் நிக்குது."

"தொண்டை வறண்டிருக்கும், விடு. நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போய் மானைக் கெளப்பி விட்றாத. இந்த வருசம் நமக்குச் சுட அனுமதி குடுத்திருக்கறதே ஒத்தக் கன்னுதான். அதுவும் போச்சுன்னா கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் காளான்தான் திங்கணும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு அடுத்த குரல் வந்தது. மெதுவாகப் பேசும் ஸ்டூரேயின் குரல்.

"குன்வோர், காலைல நீ பாதையப் பாத்தியே, அப்போ பனி நின்னுடுச்சா?"

அவள் காபியைப் பனியில் கொட்டிவிட்டு பிளாஸ்கை மூடினாள். ரேடியோவில் சரியாகக் கேட்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஓநாய்கள் திரும்பி வந்ததிலிருந்து இங்கே அது எழுதாத சட்டம். நாயை அவிழ்த்துவிடுவதற்கு முன்னால் ஒருவர் விடியலில் காட்டுப் பாதை முழுக்க வண்டி ஓட்டி ஓநாய்த் தடம் பார்க்க வேண்டும். தடம் இருந்தால் அன்றைக்கு நாய்கள் வண்டிக் கூண்டை விட்டு இறங்காது. இன்று குன்வோரின் முறை. ஐந்து மணிக்குப் போனாள். விளக்கு வெளிச்சத்தில் பாதை வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது; ஏனென்றால் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. பனி பெய்த காலை தடம் பார்க்க நல்லது என்பார்கள். பெய்து முடிந்த பிறகு பார்த்தால்தான் நல்லது. பெய்யும்போது ஒரு யானைக் கூட்டம் கடந்திருந்தாலும் கால் மணியில் மூடிவிடும். இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நிற்கும்வரை காத்திருந்து இன்னொரு சுற்று போயிருக்க வேண்டும். ஆனால் பின்னால் கூண்டுக்குள் முர்ரா அழுதுகொண்டிருந்தது. இரண்டு வாரமாக ஒவ்வொரு காலையும் தடம், ஒவ்வொரு காலையும் கூண்டு. இன்னொரு தடத்தைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. ஆறரைக்கு நெருப்பைச் சுற்றி நின்றவர்களிடம் போய், "சுத்தமா இருக்கு" என்றாள். சொன்னது பொய் இல்லை. பொய்யைவிட மோசமானது.

ஸ்டூரே போன வருடம் தன் நாயை ஓநாய்களிடம் இழந்தவன். மற்றவர்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம்தான் ஆனது. கிடைத்தது பட்டையும் ஒரு காதும். அவற்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனான். குரல் வளமான நாய், அழைத்தால்கூட மானை விட்டு வராத நாய், அதுதான் நல்ல நாய் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். இப்போது அந்தக் குரலே ஓநாய்களுக்குச் சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. நல்ல நாய்தான் முதலில் சாகிறது.

குன்வோர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தாள். சதுப்பின் மேல் மெல்லிய பனிக்கட்டி ஒவ்வோர் அடிக்கும் நொறுங்கியது. நடுவில் ஒரு தடம் கிடந்தது. நேராக, ஊசியில் நூல் கோத்தது மாதிரி, முர்ரா இருந்த திசைக்குப் போயிற்று. குனிந்து பார்த்தாள். உள்ளங்கையைவிடப் பெரியது. விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது.

"ஹென்னிங்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தடம் இருக்கு. புதுசு."

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா பயப்படாத. தனியா வந்தது நாயைத் தொடாது. ஓடு. நாங்களும் வர்றோம்."

ஓடினாள். அறுபத்திரண்டு வயது முழங்கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. சதுப்பு முடிகிற இடத்தில் விழுந்து கிடந்த பைன் மரம் ஒன்று வழியை அடைத்திருந்தது. அந்த இடத்தில்தான் தடம் பிரிந்தது. ஒன்று மரத்தைத் தாண்டியிருந்தது, இரண்டு இடப்பக்கம் சுற்றியிருந்தன, இரண்டு வலப்பக்கம். அதுவரைக்கும் ஐந்து ஓநாய்களும் ஒன்று வைத்த அடியிலேயே அடுத்தது வைத்து நடந்து வந்திருக்கின்றன. ரேடியோவில் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அந்தச் சத்தம் அவற்றுக்கும் கேட்கும் என்று தோன்றி மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து புதர்க்காடு. முன்பெல்லாம் குளிர்காலத்தில் மூஸ் மான்கள் இளம்பைன் மரங்களையும் ரோவன் மரங்களையும் மேய்ந்து தீர்த்துவிடும். நூறு அடி தூரம் பளிச்சென்று தெரியும். மான் பெருகித் தோட்டமும் பாதையும் நாசமாகிறது என்று புலம்பிய காலம் அது. ஓநாய் வந்து மான் குறைந்தது. கடிக்க ஆளில்லாமல் மரக்கன்றுகள் தலைக்குமேல் வளர்ந்துவிட்டன. காடு செழித்திருக்கிறது என்று பட்டணத்திலிருந்து வந்து படம் பிடித்துப் போகிறார்கள். இந்தச் செழிப்புக்குள் பத்து அடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். ஆனால் பேய் உண்மையிலேயே உள்ளே இருக்கும்போது அந்தப் பழமொழி ஆறுதல் தருவதில்லை. அவள் கிளைகளை விலக்கி விலக்கிப் போனாள். பனி கழுத்துக்குள் விழுந்தது. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது.

அப்போது அதைப் பார்த்தாள். முப்பது அடி தள்ளி, சாம்பல் நிறம், தொங்கிய வால், முதுகைக் காட்டி நின்றது. துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது. பாதுகாப்புப் பூட்டை விலக்கினாள். விரல் விசையில் பட்டது. அது தலையை லேசாகத் திருப்பியபோது கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை தெரிந்தது.

முர்ரா. பிறந்ததிலிருந்து முதுகின்மேல் சுருண்டே இருந்த வால் அது. தொங்கி அவள் பார்த்ததேயில்லை. இன்னும் அரை நொடி போயிருந்தால் ஓநாய்களுக்கு வேலையே வைத்திருக்க மாட்டாள். துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

முர்ராவுக்கு அந்தப் பக்கம், பாறை ஒன்றில் பின்புறத்தை அண்டக் கொடுத்துக்கொண்டு தாய்மான் நின்றது. குதிரையைவிட உயரம். அதன் வயிற்றுக்கு அடியில் இந்த வருடத்துக் கன்று. கோடையில் இரண்டு கன்றுகளோடு ஓட்ஸ் வயலில் திரிந்த மான் இதுதான். எட்டி உதைத்து நாயின் விலாவை உடைத்திருக்க வேண்டிய மான், நாயைக் கண்டுகொள்ளவே இல்லை. காது மடிய வெறிபிடித்துக் குரைத்திருக்க வேண்டிய நாய், மானைப் பார்க்கவே இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எதிரே இருந்த ஒரே புதரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே கிளை ஒன்றிலிருந்து பனி உதிர்ந்தது. காற்று இல்லை.

"முர்ரா," என்று கிசுகிசுத்தாள். "வாடி தங்கம். வந்துடு." காது அசைந்தது. நாய் வரவில்லை.

புதருக்குள் எதுவும் தெரியவில்லை. தெரியாததைச் சுட முடியாது. வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஓநாய்கள் விலகும், ஆனால் தாய்மான் பிய்த்துக்கொண்டு ஓடும், முர்ரா பின்னாலேயே போகும், அந்தப் புதர்களுக்குள். தாயைச் சுட்டால் கன்று ஓடும், நாய் கன்றின் பின்னால் போகும், அனுமதியும் கிடையாது. காத்திருந்தால் அவையும் காத்திருக்கும். மீதி ஒரு வழிதான். கன்று விழுந்தால் தாய் அதை விட்டு நகராது. தாய் நகராவிட்டால் நாயும் நகராது. அனுமதிச்சீட்டிலும் கன்று என்றே இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கன்றுகளைச் சுட்டிருக்கிறாள். இன்றுதான் முதன்முறையாகத் துப்பாக்கிக் குழலை மரத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாய் காலையிலிருந்து எதைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சுட்டாள்.

வெடிச்சத்தம் பாறையில் மோதித் திரும்பியது. கன்று முன்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்து, சாய்ந்தது. புதரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் கிளைகள் அசைந்தன. அசைவு தூரம் தூரமாகப் போய் அடங்கியது. முர்ரா ஓடி வந்து அவள் முழங்காலில் உடம்பை ஒட்டிக்கொண்டது. பட்டைக்குள் விரல்களை நுழைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"குன்வோர்! சுட்டது நீயா? கன்னா? நாய் இருக்கா? பேசு!"

ஹென்னிங் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தான். தாய்மான் குனிந்து கன்றின் கழுத்தை மோந்தது. மூக்கால் ஒருமுறை தள்ளிப் பார்த்தது. பிறகு நிமிர்ந்தது. பிடரி மயிர் சிலிர்த்து எழ, காதுகளைப் பின்னுக்கு மடித்து, காலையிலிருந்து கண் எடுக்காமல் பார்த்த புதருக்கு மெல்ல முதுகைத் திருப்பி, குன்வோரைப் பார்த்து நின்றது.