அத்தான் தட்டிய இரண்டு தட்டு

அத்தானின் கார் எங்கே போய் நின்றாலும் கையெழுத்துப் போடாமல் கிளம்பாது. ஆஸ்பத்திரி வாசல், ரயில் நிலையம், சொந்தக்காரர்கள் வீட்டு முன்புறம் என்று அது நின்றுவிட்டுப் போன இடமெல்லாம் கறுப்பாக ஓர் ஆயில் வட்டம் கிடக்கும். நேற்று யார் வந்துபோனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்தாலே போதும். பல வருஷம் இது குடும்பத்துக்குள் ஒரு கேலியாகவே இருந்தது.

போன மாதம் அத்தானும் அக்காவும் இந்த ஊருக்கு, ஒரு புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். கேலி அன்றோடு முடிந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார், அடுத்த தடவை சிரிக்காமல் சொன்னார், அதற்கும் பிறகு கறையைப் படம் பிடித்து எல்லாருடைய செல்போனுக்கும் அனுப்பிவிட்டார். இனி ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி உள்ளே வரக்கூடாது. தெருவிலோ சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. அக்கா பழைய வண்டிக்காரரிடம் பேசிவிட்டாள். வாங்கி ஓட்டுகிறவர் இல்லை அவர், உடைத்து எடைக்குப் போடுகிறவர். நாளைக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு நாளை நம்பித்தான் கார் நட்டுவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

நட்டு அக்காவின் ஒரே தம்பி. சின்ன வயதில் டவுசர் பைக்குள் நாலைந்து நட்டு கிலுங்க அலைந்தவன் என்பதால் அத்தான் வைத்த பெயர் அது. இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் வீட்டிலேயே யாரென்று கேட்பார்கள்.

பட்டறைச் சுவரோரம் ஏதோ ஒரு பழைய வண்டியின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டிருந்தான். அக்கா அதில் உட்கார்ந்து, மடியில் குழந்தைச் சட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு பித்தான் தைக்க ஆரம்பித்தாள். கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பது அவளுடைய நெடுநாள் வேலை. அத்தான் காரின் பக்கத்திலேயே நின்றார். துணிக்கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர். அன்று அவர் முகம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவரின் முகமாக இருந்தது.

முன்பு இருந்த ஊரில் எத்தனை பட்டறைகள் பார்த்தன என்று அவர் வரிசையாகச் சொன்னார். அடியில் சொட்டுகிறது என்று ஆயில் தொட்டியின் கேஸ்கட்டை மாற்றினார்கள். ஒரு மாதம் நின்றது. பிறகு முன்பக்கம் சொட்டியது, அங்கே சீல் மாற்றினார்கள். அது நின்றதும் பின்பக்கம். நட்டு ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டான். பேசாமல் இருப்பது அவன் சுபாவம். பட்டறைக்கு வருகிறவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவினான். வருஷக்கணக்கான அழுக்கு களிமண்போல உரிந்து வந்தது. காற்றடித்துக் காயவைத்ததும் அக்காவின் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை வாங்கி என்ஜின் மேலெல்லாம் தூவினான். உலர்ந்த பவுடரில் ஆயில் எங்கே முதலில் ஊறுகிறதோ அங்கே கோடு விழும். கீழே சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆயில் மேலே எங்கோ கிளம்பி, சரிவைப் பிடித்து ஊர்ந்து, வேறெங்கோ போய்ச் சொட்டும்.

"எனக்கே அவ்வளவு பவுடர் நான் போட்டதில்ல," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

"உன்னை யாரும் எடைக்குப் போடலையே," என்றார் அத்தான்.

என்ஜினை ஓடவிட்டார்கள். சூட்டில் பவுடர் வாசம் கிளம்பிப் பட்டறை முழுக்கப் பரவியது. அந்த வாசத்தோடு நட்டுவுக்குப் பழைய வீட்டின் கூடம் நினைவுக்கு வந்தது. வெளியே கிளம்புகிற நாட்களில் அக்கா கண்ணாடி முன் நிற்பாள். வாசலில் இதே கார், புதுசாக. ஹாரனைத் தொட அவனுக்கு மட்டும் அனுமதி.

அத்தானுக்கும் ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும். அந்தக் கதையை ஆரம்பித்தார்.

குடும்பத்தில் அதைக் கேட்காதவர் இல்லை. மூத்தவள் கைக்குழந்தை. மூன்று பேரும் தூரப்பயணம் போகிறார்கள். ஆளில்லாத சாலை, நடு வெயில். திடீரென்று பானெட்டுக்குள்ளிருந்து புகை. வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. அத்தான் அக்காவையும் குழந்தையையும் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நடந்தார். செருப்பு அறுந்து, கால் கொப்பளித்து, கடைசியில் ஒரு லாரிக்காரரிடம் ஒரு டின் ஆயில் வாங்கிக்கொண்டு திரும்பினார். ஆயிலை ஊற்றினார். ஸ்பானரை எடுத்து என்ஜினின் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு இடம் பார்த்து ரெண்டு தட்டு. சாவியைத் திருப்பினால் வண்டி பூனைபோல உறுமியது.

"ரெண்டே தட்டு," என்றார் அத்தான். எப்போதும் அந்த இடத்தில் விரலைக் காட்டுவார். அன்றும் காட்டினார்.

பத்து வயதில் நட்டு இந்தக் கதையைச் சாப்பிடச் சாப்பிடக் கேட்டிருக்கிறான். தட்டில் சோறு காய்ந்துபோகும். மற்ற பையன்களின் மாமாக்கள் ராணுவத்தில் இருந்தார்கள், கப்பலில் இருந்தார்கள். அவனுடைய அத்தான் ரெண்டு தட்டில் செத்த வண்டிக்கு உயிர் கொடுத்தவர். படிப்பை விட்டுப் பட்டறையில் சேரப்போகிறேன் என்று வீட்டில் நின்ற நாளிலும் அவன் மனதில் இருந்தது அந்த விரல்தான்.

பவுடரில் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. மேல்மூடியின் ஓரத்தில் ஒன்று. முன்பக்கம் ஒன்று. அடியில் ஒன்று. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். நட்டு நெற்றியைச் சுருக்கினான். ஓட்டை ஒரு இடத்தில் என்றால் ஈரமும் ஒரு இடத்தில் இருக்க வேண்டும். ஓடுகிற என்ஜினிலேயே ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் தளர்த்தினான். மூடி அவன் கையிலிருந்து துள்ளியது. உள்ளங்கையை வைத்தான், சூடான காற்று கையைத் தள்ளியது.

"சீல் மேல தப்பில்ல அத்தான். உள்ள மூச்சு முட்டுது. போக வழியில்லாம, கிடைச்ச இடத்துல எல்லாம் ஆயிலைத் தள்ளுது."

என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. இந்த வண்டியில் அது பின்பக்கம், தடுப்புச் சுவரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடியது. அந்த இடுக்கில் ஓர் ஒல்லிக் கை நுழைந்தால் அதிகம். அத்தனை பட்டறையும் அதைத் தொடாததில் ஆச்சரியமில்லை. என்ஜின் ஆறட்டும் என்று நிறுத்தினான். அத்தான் டீ வாங்கி வரப் போனார்.

நட்டு கையை ஒடுக்கி உள்ளே விட்டுத் துழாவினான். குழாயின் நடுவில் ஒரு வீக்கம். சுற்றிலும் ஏதோ வரிவரியாக இருந்தது. மெதுவாகக் கழற்றி வெளியே எடுத்துத் துடைத்தான்.

குழாய் எப்போதோ இரண்டாக முறிந்திருந்தது. அப்படி முறிந்தால் ஆயில் சூட்டில் தெறித்துப் புகையும், வண்டியும் இருமி நின்றுவிடும். முறிந்த இரண்டு முனைகளுக்குள்ளும் ஒரு மர நூல்கண்டுக் கட்டையைச் செருகி, மேலே நூலால் நெருக்கிச் சுற்றியிருந்தார்கள். கட்டையின் நடுத்துளை வழியாகத்தான் என்ஜின் இத்தனை காலம் மூச்சு விட்டிருக்கிறது. அந்தத் துளை கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கசடு படிந்து, இப்போது ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. நூலின் அழுக்குக்கு அடியில் நீலம் தெரிந்தது. சுற்று முடிகிற இடத்தில் முடிச்சு இல்லை. மூன்று சுற்று சுற்றி, வாலை உள்ளே இழுத்து மறைத்திருந்தது.

அவன் நிமிர்ந்தான். எதிரே அக்கா ஒரு பித்தானை முடித்துக்கொண்டிருந்தாள். மூன்று சுற்று சுற்றினாள். வாலை உள்ளே இழுத்தாள். பல்லால் கடித்தாள்.

அவன் அருகில் போய்க் கட்டையை நீட்டினான். அவள் பார்த்தாள். வெளியே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவளே சொன்னாள். அவர் போன பிறகு சூடு ஆறியதும் பானெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அறுந்த குழாய் தெரிந்தது. அப்போது அவள் கை ஒல்லி. பையில் மூத்தவளுக்குத் தைத்துக்கொண்டிருந்த நீலச் சட்டையும் நூலும் இருந்தன.

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு கால்ல செருப்பு இல்லாம, டின்னைத் தூக்கிட்டு வந்தாரு. நான் பேசுறதுக்குள்ள ஊத்தினாரு, தட்டினாரு, ஸ்டார்ட் ஆயிடுச்சு. அந்த முகத்தை நீ பார்த்திருக்கணும்டா. பார்த்திருந்தா நீயும் சொல்லியிருக்க மாட்டே."

நட்டு கையிலிருந்த கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். தான் எந்தக் கையைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோமோ, வண்டிக்கு உயிர் கொடுத்தது அந்தக் கை இல்லை என்று தெரிந்தபோது வருத்தம் வரும் என்றுதான் எதிர்பார்த்தான். வரவில்லை. சோற்றுத் தட்டும் கூடமும் அப்படியேதான் இருந்தன. ஒரு ஓரத்தில் ஊசியோடு அக்காவும் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அப்போதும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், அவன்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

டீயோடு அத்தான் வரும் சத்தம் கேட்டது. கட்டையை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுவிட்டு, அடைப்பு எடுத்தாச்சு என்று மட்டும் சொன்னான். புதுக் குழாய் மாட்டினான். மேல்மூடிக்கு ஒரு கேஸ்கட் போட்டான். மற்ற சீல்களைத் தொடவில்லை, பாவம் அவை செய்யாத தப்புக்கு ஏற்கெனவே மாற்றப்பட்டவை. பிறகு அடிப்பக்கம் துடைக்க, காருக்குக் கீழே தரையில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கினான்.

குழியிலிருந்து பார்த்தால் மேலே இருக்கிறவர்களின் கால்கள்தான் தெரியும். அத்தானின் செருப்பு கை கழுவப் போனது. மண்ணெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. நட்டு துணியை நிறுத்தினான். செருப்பு அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஏதோ எடுக்கிற சிறு சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. அப்புறம் செருப்பு மெதுவாக அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது. ஆனால் அங்கே போகவில்லை, திரும்பிய இடத்திலேயே நின்றது.

அவன் மேலே ஏறி வந்தபோது தட்டில் மண்ணெண்ணெய் மட்டும் இருந்தது. அத்தானின் சட்டைப் பையில் ஈரமாக ஒரு வட்டம் ஊறியிருந்தது.

அன்று மாலை வெள்ளை டைல்ஸின் மேல் ஒரு பெரிய அட்டையை விரித்துக் காரை நிறுத்தினார்கள். காலையில் நட்டு வந்தபோது செயலாளர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை வாங்கி வந்தபடியே இருந்தது. அவர் விரலால் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு மேலே போய்விட்டார். அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பழைய வண்டிக்காரர் வந்தார். விற்பதற்கில்லை என்றதும் அவர் முகம் சுருங்கியது. வீண் நடையாகிவிட்டதே என்று அத்தானுக்குச் சங்கடம். சமாதானமாக, இது லேசுப்பட்ட வண்டி இல்லை என்று அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆளில்லாத சாலை, வெயில், புகை, அறுந்த செருப்பு, லாரிக்காரர். எல்லாம் பழையபடி வந்தது. ஆயிலை ஊற்றினேன் என்றார். அங்கே நின்றார். அவர் விரல் பாதி எழுந்து இறங்கிவிட்டது.

"அப்புறம் என்ன," என்றார், "சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆச்சு."

நட்டு அட்டையை இழுத்து மடித்துக்கொண்டிருந்தான். கை தானாக நின்றது.

அக்கா படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு தட்டு தட்டினீங்களே," என்றாள். "அதை விட்டுட்டீங்க."

அத்தான் அவளைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போய் அதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஆமா," என்றார் பழைய வண்டிக்காரரிடம். "தட்டினேன்."