ஒட்டித் தைத்த சட்டைகள்

"அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை எங்க மேகலா?"

பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் கேட்டார். நான் யோசிக்கவேயில்லை.

"இஸ்திரிக்குக் குடுத்திருக்கேன்."

என் கணவர் ஆத்மநாதன் குவைத்திலிருந்து வந்து அன்று மூன்றாம் நாள். தீபாவளிக்குத்தான் லீவு என்று சொல்லியிருந்தவர் ஆடியிலேயே வந்து நின்றார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும்போது உடுத்துவதற்கென்று ஐந்து சட்டைகளை இங்கே விட்டுப்போவார். அவற்றில் நீலக் கட்டமும் வெள்ளையும் என் ஒத்திகைப் பையில் கிடந்தன. நீலச் சட்டையின் இடது கைமுனையையும் வெள்ளையின் வலது கைமுனையையும் நானே சேர்த்துத் தைத்திருந்தேன்.

பள்ளிக்கூடங்களில் ஆண்டுவிழா நடனம் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அதில் பிள்ளைகள் சிரித்தபடி ஆடினால் போதும். இப்போது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் வேறு. இருபத்தைந்து நிமிடம், பாட்டு கிடையாது, இரண்டே பேர். என்னோடு ஆடும் அருணாவுக்குக் கணவன் வேஷம், எனக்கு மனைவி. ஒட்டித் தைத்த சட்டைகளை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்வோம். அந்த நீண்ட கைக்குள் எங்கள் இருவர் கையும் சந்திக்கும். உள்ளே பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஆட்டத்தில், கணவன் வெளிநாட்டிலிருந்து வருகிறான். ஃபேனுக்கு எந்த சுவிட்ச் என்று தெரியாமல் நான்கையும் போட்டுப் பார்க்கிறான். ஃபிரிட்ஜைத் திறக்குமுன் அவள் முகத்தைப் பார்க்கிறான். கட்டிலில் ஓரமாகப் படுக்கிறான். எல்லாம் இவரிடமிருந்து எடுத்தது. கடைசி மூன்று நிமிடம் மட்டும் என்னுடையது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்விடுகிறான். அவள் கதவைச் சாத்துகிறாள். ஒரு மூச்சு விடுகிறாள். பிறகு கையும் காலும் நீட்டி, அந்த இடம் முழுவதும் உருண்டு, புரண்டு, தாவி ஆடுகிறாள். அழுகையில்லை. நிம்மதி.

அந்த நிம்மதியை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உடம்பால் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் ஊரில் இருக்கமாட்டார் என்ற தைரியமும் அதில் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். இஸ்திரி போடும் ஐயனாரிடம் போயிருக்கிறார்.

"என்ன சொன்னான் தெரியுமா? 'அண்ணே, அக்கா ரெண்டு வருஷமா ஆம்பளச் சட்டையே குடுக்கலையேண்ணே'ங்கிறான். பக்கத்துல ரெண்டு பேரு சிரிக்கிறாய்ங்க."

அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் என் மேலேயே இருந்தது.

"சனிக்கிழமை நடக்குற ஆட்டத்துக்கு எடுத்துக்கிட்டேன். புதுசு வாங்கித் தாரேன்" என்றேன்.

"சட்டை போனாப் போகுது. அதுக்கு எதுக்கு இஸ்திரின்னு சொன்ன?"

நான் பீரோக் கதவைச் சாத்தினேன். அவர் பின்னாலிருந்து, "சனிக்கிழமைதான? நானும் வாரேன்" என்றார்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபத்துக்காரர் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தை எங்களுக்கு விட்டிருந்தார். கடைசி ஒத்திகைகளும் அங்கேதான், நிகழ்ச்சியும் அங்கேதான். எத்தனை முறை கழுவியும் தரையில் சாம்பார் வாசம் போகவில்லை. வெள்ளிக்கிழமை அருணாவிடம் சொன்னேன்.

"கடைசி மூணு நிமிஷம் வேணாம். நீ வெளிய போனதும் முடிச்சுருவோம்."

"மாமா வர்றாங்கன்னா?"

"அதுக்கில்ல."

"அதுக்குத்தான். அந்த மூணு நிமிஷத்துக்காகத்தான் அன்னவாசல்லேருந்து தெனம் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வாரேன். அது இல்லன்னா நாம ரெண்டு பேரும் சட்டை வெளம்பரத்துக்கு ஆடுன மாதிரில்ல இருக்கும்?"

லைட் போடும் ஷர்லி களுக்கென்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷர்லியிடம் தனியாகச் சொல்லிவைத்தேன்: கதவைச் சாத்தியதும் நான் தலையைக் குனிவேன், உடனே லைட்டை அணைத்துவிடு.

சனிக்கிழமை சாயங்காலம் எண்பது பேர் வந்திருந்தார்கள். அவர் மூன்றாவது வரிசையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட ஆட அந்த நாற்காலி மட்டுமே என் கண்ணில் இருந்தது. சுவிட்ச் போடும் இடத்தில் கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் இடத்தில் லேசாக முன்னால் குனிந்தார். சட்டைக் கைக்குள் என் விரல்கள் வேர்த்து வழுக்கின. அருணா ஒருமுறை அழுத்திப் பிடித்து விட்டாள்.

கட்டில் காட்சி முடிந்து நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

போய்விட்டார். எப்போது எழுந்தார்? வாசல் வரை கண்ணை ஓட்ட முடியவில்லை, ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. அருணா சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு வெளியேறினாள். நான் கதவைச் சாத்தினேன். தலையைக் குனிய வேண்டிய நேரம். குனியவில்லை. பார்க்க வேண்டாதவர் பார்க்கவில்லை, இனி என்ன என்றிருந்தது. அவமானமும் கோபமும் எது எதுவென்று தெரியாமல் கலந்திருந்தன. மூச்சை விட்டேன். காலியான வெள்ளைச் சட்டை பின்னால் இழுபட, ஆறு மாதமும் ஆடாத அளவுக்கு ஆடினேன்.

கைதட்டல் வந்தபோதுதான் பார்த்தேன். கூடத்தின் கடைசியில், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

எல்லாரும் போகும்வரை அவர் வரவில்லை. நாற்காலிகளை அடுக்கும் சத்தம் ஓய்ந்த பிறகு மெதுவாக வந்தார்.

"முன்னாடி ஒரு ஆளு மறைச்சாரு. அதான் அங்கிட்டுப் போயி நின்னேன்."

"முழுசாப் பாத்தீங்களா?"

"ம்."

நான் கழற்றித் தோளில் போட்டிருந்த சட்டைகளை எடுத்து, தைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதுக்குள்ள கையப் புடிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"மொதல்ல புடிச்சிருப்போம். போகப் போக விட்டுருவோம்."

"யாரு மொதல்ல விடுறது?"

"நான்தான்."

தலையாட்டினார். சட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஃப்ளைட்டுல ஏறி பெல்ட்டப் போட்டதும் எனக்கும் அப்படித்தான் ஒரு மூச்சு வரும்."

ஆறு மாதம் இவருடைய கழுத்தை, நடையை, தயக்கத்தை அருணாவின் உடம்பில் பதித்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் உட்கார்ந்த பிறகு இவருக்கு என்ன நேரும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. வெளியேறியவனை அப்படியே விட்டுவிட்டு நான் ஆடப் போய்விட்டேன்.

"ஒவ்வொரு தடவையுமா?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"ஒனக்கு?"

 அவர் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே நீலக் கட்டத்தை மாட்டினார். தோளில் கொஞ்சம் இறுக்கியது. வெள்ளைச் சட்டை தரை வரை தொங்கியது. அதை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இங்கிட்டு நீ போடு."

போட்டேன். ஷர்லி தூரத்திலிருந்து, "அக்கா, லைட்ட அணைக்கவா?" என்று கத்தினாள்.

"கொஞ்சம் இரு" என்றேன்.

சட்டைக் கைக்குள் என் கை மெதுவாக நகர்ந்து தையல் வரை போயிற்று. நூல் முடிச்சு விரலில் தட்டியது. அவர் கை இன்னும் அங்கே வரவில்லை.