கடைசி அலசல்

ஐந்து மணிக்குத் துறைத் தலைவர் வருவார். வரைபடத்தில் அந்த ஐந்து புள்ளிகளும் கோட்டிலிருந்து விலகியே நின்றால், மச்சினியின் இரண்டு வருட ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். அதே ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் அவள் அத்தானுக்கும் இது தெரியும்.

"என்ன மச்சினி, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"நீங்க வேற, அத்தான். உப்பு தண்ணில கரைஞ்சா அயனியா பிரியும். ஒண்ணை ஒண்ணு இழுக்கும். உப்பு குறையக் குறைய தள்ளித் தள்ளிப் போயி, இழுப்பும் குறையும். ரொம்ப நீர்த்த கரைசல்லதான் என் கணக்கு அச்சா பொருந்தணும். அங்கதான் அந்த அஞ்சு புள்ளியும் உதைக்குது. கெட்டியானதெல்லாம் ஒழுங்கா உக்காந்திருக்கு."

அவர் பார்வை ஜன்னலோரம் காய்ந்த குடுவைக்குப் போனது. அடியில் வெள்ளையாய் ஒரு படலம்.

போன வாரம் உப்பில்லாத வடிநீர் தரும் இயந்திரம் பழுது. சொட்டுச் சொட்டாய் வந்ததை மச்சினிக்கென்று கேனில் பிடித்து வைத்துவிட்டு, குடுவைகளின் கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரில் முடித்திருந்தார். சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் வாய் கேட்கவில்லை.

"நான்தாம்மா கெடுத்தேன்."

கேட்டு முடித்தவள் தலையில் கைவைத்தாள். "எனக்குச் சேத்து வெக்கிறேன்னு எனக்கே வேட்டு வெச்சீங்களே!" பிறகு பென்சிலை எடுத்தாள். "கெட்டிக் கரைசலுக்குக் குழாய் உப்பு ஒரு பொருட்டே இல்ல. இந்த அஞ்சுலதான் தப்பாட்டம் ஆடுது. அஞ்சையும் திரும்ப அளந்துடலாம். எவ்வளவு வடிநீர் இருக்கு?"

"ஒரு கேன்."

"பத்தாதே."

"பத்த வைக்கிறேன், பாரு."

ஒரே தடவை நிறைய ஊற்றினால் வீண். கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, முழுக்க வடித்து, மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு குடுவைக்கும் மூன்று முறை. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. அவர் கழுவக் கழுவ அவள் கரைத்தாள், அளந்தாள், கணக்குப் போட்டாள்.

தலைவர் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். நான்கு புள்ளிகள் கோட்டின்மேல். ஐந்தாவது மயிரிழை தள்ளி. அதை அவள் திருத்தவில்லை.

"நோட்டுல பழைய அளவை ஏன் அடிச்சிருக்கே?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கழுவினது நான் சார். கடைசியா குழாத்தண்ணில அலசிட்டேன்."

"அதை நோட்டுல எழுதுங்க."

அடித்த வரிகளுக்குக் கீழே, பேனாவை இறுக்கிப் பிடித்து, பெரிய எழுத்தில் எழுதினார்: 'குடுவை குழாய் நீரில் அலசப்பட்டது.' தலைவர் படித்தார். அதன் பக்கத்திலேயே கையெழுத்திட்டார்.

"மேல செய்யுங்க. அந்த அஞ்சாவதை நாளைக்கு இன்னொரு தடவ அளந்துடும்மா."

அத்தான் அப்போதே ஐந்தாவது குடுவையைக் கழுவ எடுத்தார்.