நாற்பத்தேழாவது மெட்டு

சவப்பெட்டியை மூட வந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, ஹில்டா கணவர் அம்ப்ரோஸின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிடில் அழுந்தி அழுந்தி இடது தாடைக்குக் கீழே கறுத்துப்போயிருந்த தழும்பு வெளியே தெரிந்தது. அதை மறைக்காமல் விட்டாள்.

"இப்ப மூடுங்க."

முன்னறையில் கத்பர்ட் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்ப்ரோஸின் கொள்ளுத்தாத்தா இறகுப் பேனாவால் எழுதிவைத்த ஆட்ட மெட்டுகள். இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த கல்யாணங்களில் எல்லாம் அம்ப்ரோஸும் கத்பர்ட்டும் அதைப் பார்த்துத்தான் சேர்ந்து வாசித்தார்கள்.

"கல்லறையில எதை வாசிக்கட்டும் ஹில்டா? அவனுக்கு உசிரு நாற்பத்தேழாவது மெட்டுதான். அந்தப் பக்கம்தான் இதுல இல்லையே. எலி தின்னுடுச்சுன்னு சொல்வான்."

தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹில்டாவின் கை நின்றது.

"எலியா? அப்படியா சொன்னாரு?"

"எல்லார்கிட்டயும்தான். பாதிரியார் கேட்டப்பகூட."

நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அன்று அம்ப்ரோஸ் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போயிருந்தார். பனியில் பாதை அடைபட்டு, மறுநாள் மதியம்தான் வீடு வந்தார். அதற்குள் அவர்களுடைய மூன்று வாரக் குழந்தை மூச்சுத்திணறி இறந்துபோயிருந்தது. அவர் ஆசையாக வாசிக்கும் பக்கத்தைக் கிழித்து ஹில்டா அடுப்பில் போட்டிருந்தாள். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், மேசைமேல் விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு மூடி வைத்தார். அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

"எலி இல்ல கத்பர்ட். நான்தான்."

"தெரியும். எந்த எலி இவ்வளவு நேரா கிழிக்கும்? பொய் சொல்லவும் வராது அந்த மடையனுக்கு."

கத்பர்ட் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மெட்டு என் விரல்ல இருக்கு. அவன் அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. மலையைத் தாண்டி எங்கயாவது போனா, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு உக்காந்திருப்பான். ஊருக்குள்ள மட்டும் வேண்டாம், ஹில்டா காதுல விழுந்துடும்பான்."

ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் வண்டிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அதையே வாசிங்க."

"நிஜமாவா?"

"கொஞ்சம் மெதுவா வாசிங்க. அது ஆடறதுக்கானது."

குழந்தையின் சின்னக் கல்லுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். தூறல் விழுந்தது. கத்பர்ட் பிடிலைத் தோளில் வைத்தார். அதன் மரத்தின்மேல் துளிகள் விழுவதைப் பார்த்துத் தயங்கினார். ஹில்டா குழியருகிலிருந்து விலகி வந்து, தன் குடையைப் பிடிலுக்கு மேலே பிடித்தாள்.

மெட்டு தொடங்கியது. அவளுடைய கறுப்புக் கோட்டின் தோள்கள் நனைந்தன. அவர் முழங்கை குடைக்கம்பியில் இடித்தது. வில் போய்வர இடம் விட்டு, கையை நீட்டியபடியே அவள் அரையடி தள்ளி நின்றாள்.