இடது ஃபோர்க்கின் மூடி

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. "ஒரு மூடிய ஒழுங்கா மாட்டத் தெரியாதவ கையில உசுரக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று அம்மா, அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்பார்கள். கோபம் வராதவர்கள் அதைக் கடைப்பிடிக்கட்டும்.

2.

பந்தயத் திடலில் அன்று மெல்லிய காற்று— (காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

அவள் கைகளில் எப்போதும் ஆயில் வாசம்— (அக்கா படித்தால், "ஏன், எனக்கு சோப்பு வாங்க வக்கில்லையா?" என்பாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா பந்தய பைக்குகளின் முன்பக்க ஃபோர்க்கைப் பிரித்துச் சேர்ப்பவள். அத்தான் பந்தயத்தில் ஓட்டுபவர். மேடும் பள்ளமுமான ஒரு வளைவில் விழுந்தார். அக்கா மூடியைத் தப்பாக மாட்டியதால் விழுந்தேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். இப்போது மற்ற ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஃபோர்க்குகளைத் திரும்ப வாங்கிப் போகிறார்கள். இப்படியே போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

3.

(இந்தப் பகுதியை வெட்டச் சொன்னார் ஒரு நண்பர். வெட்டினால் நீங்களும் அம்மா மாதிரியே பேசுவீர்கள். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள். உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும். உச்சியில் மரையிட்ட மூடி. ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்காமல் அதைக் கழற்றினால் தாடையைப் பதம் பார்த்துவிடும்.

மூடியின் நடுவில் ஒரு சின்னத் திருகு, அட்ஜஸ்டர். அதைத் திருப்பினால் உள்ளே ஒரு ஊசி இறங்கும், ஏறும். ஆயில் போகிற துளையை அடைக்கும், திறக்கும். அடைத்தால் அமுங்கிய ஃபோர்க் மெல்ல எழும். திறந்தால் துள்ளி எழும். திருப்பும்போது கேட்கும் 'க்ளிக்', மூடிக்குள் இருக்கிற ஒரு சின்ன இரும்புக் குண்டு போடுகிற சத்தம். கீழே ஆயில் என்ன பாடுபடுகிறது என்று அதற்குத் தெரியாது.

மூடியைத் திரும்ப மாட்டும் முன் அட்ஜஸ்டரை முழுக்கப் பின்னால் திருப்பிவிட வேண்டும். மறந்தால், மூடி இறுக இறுக ஊசி துளையில் குத்தி வளைந்துபோகும். அப்புறம் மேலே எத்தனை திருப்பினாலும் க்ளிக் கேட்கும், கீழே துளை அடைபட்டபடியே கிடக்கும். அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். பிறகு அது ஃபோர்க் இல்லை, உலக்கை.

4.

விழுந்த பைக்கை அக்கா பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வலது பக்கம் சரியாக இருந்தது. இடது பக்க ஊசி வளைந்து துளையில் செருகிக் கிடந்தது.

"வலத நான் மாட்டினேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட ஓடினேன். வர்றதுக்குள்ள இடத அவரே மாட்டிட்டு, 'முடிச்சாச்சு, க்ளிக் கேக்குது பாரு'ன்னார்."

"நீ பிரிச்சுப் பாக்கலையா?"

"பிரிச்சா, என்னை நம்பலையான்னு கேப்பார்டி."

"இப்பவாவது சொல்ல வேண்டியதுதானே?"

"கால் ஒடிஞ்சு கிடக்கற மனுஷனைப் போய் என்னத்தச் சொல்ல?"

கால்தான் ஒடிந்தது, நாக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அக்கா ஊசியைத் துடைத்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

5.

முதல் முடிவு: அக்கா அந்த ஊசியை ஓட்டக்காரர்கள் முன்னால் வைக்கிறாள். (புருஷனையே காட்டிக்கொடுத்தவள் என்பார்கள். ஃபோர்க் திரும்பி வராது.)

இரண்டாவது முடிவு: அத்தான் கண்கலங்கி எல்லாவற்றையும்— (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

6.

வேறு வழியில்லாமல், இதுவரை எழுதியதை அக்காவிடமும் அத்தானிடமுமே கொண்டுபோனேன். அத்தான் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க. ஃபோர்க் வேலை செய்யறது அப்படியே வந்திருக்கு" என்றார். "ஒண்ணு மட்டும் மாத்திடேன். மூடி மாட்டின அன்னிக்கு நான் ஊர்லயே இல்லைன்னு போட்டுடு. கதைதானே?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"இடதையும் நான்தான் மாட்டினேன்னு எழுதிடுடி" என்றாள். "வீட்டுல நிம்மதியாவது இருக்கும்."

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பட்டறையில் மிஞ்சியிருந்த கடைசி ஜோடி ஃபோர்க்குக்குச் சொந்தக்காரர். அக்கா அதை ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

7.

நான் எழுத மாட்டேன். ஒரு வாக்கியத்தை மட்டும் முடிக்காமல் விடுகிறேன்:

இடது மூடியை மாட்டியது ____________.

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம். இதை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இருந்தாலும் அவ ஒரு தடவை பிரிச்சுப் பாத்திருக்கணும்."

இனி உங்கள் பாடு.