வலது இறக்கை தொங்குகிறது

"வலது றெக்கை தொங்குது. இன்னும் சரியாகல," என்றார் என் கணவர், விமானத்தைவிட்டு இறங்கும்போதே.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரமாக இதே பாட்டு. அவர் இந்தப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நான் இங்கே மெக்கானிக். கோளாறு என்று யார் சொன்னாலும் சரிசெய்வது என் வேலைதான். ஆனால் இருக்கிற கோளாறைத்தானே சரிசெய்ய முடியும்? இறக்கை மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று. கேபிள்கள் தொய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் எரிபொருள் ஒரே அளவா என்று குச்சி விட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

"நீங்க சொல்ற கோளாறு எங்க ஒளிஞ்சிருக்குன்னு நீங்களே வந்து காட்டுங்க," என்றேன்.

"பறக்கும்போது தெரியுது. நீ தரையில நின்னுக்கிட்டு தேடுனா எப்படித் தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து இவரோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. ஆளை விட்டால் போதும் என்று, இறக்கையின் பின் ஓரத்தில், சாய்வைத் திருத்துவதற்கென்று இருக்கும் சின்னத் தகட்டை ஒரு நூல் அளவு வளைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பறந்துவிட்டு வந்து, "இப்பதான் வண்டி வழிக்கு வந்திருக்கு. உன் கைராசியே தனி," என்று ஐஸ் வைத்தார். நானும் கொஞ்சம் உருகித்தான் போனேன்.

அன்று மத்தியானம் அதே விமானத்தை இன்னொரு பயிற்சியாளர் எடுத்துப் போனாள். அவளை நாங்கள் எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவோம். இறங்கி வந்ததும் வெடித்தாள்.

"அக்கா, யாரு இந்த வண்டியில கை வெச்சது? இடது றெக்கை பொத்துன்னு விழுது. கைய எடுத்தா வட்டம் போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போயிடும் போல!"

வாயை மூடிக்கொண்டு தகட்டைப் பழையபடி நிமிர்த்தினேன். பட்டாசுக்குத் திருப்தி. அடுத்த நாள் இவர் இறங்கி வந்தார். "திரும்பவும் வலது பக்கம் தொங்குது."

ஒரே விமானம். இவருக்கு நேராக இருப்பது அவளுக்குக் கோணல். அவளுக்கு நேராக இருப்பது இவருக்குக் கோணல். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்குகிறார்கள் என்றுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் டீ போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரம் கழித்து, "டீ கேட்டேனே, என்ன ஆச்சு?" என்று குரல் வந்தது.

"கண்ணு முன்னாடி வெச்சிருக்கேன், தெரியலையா?"

டம்ளர் அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது. "அட, எப்ப வெச்சே?" என்று சிரித்தார். எழுந்து வரும்போது சமையலறை நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இந்த வாசலைக் கட்டுனவன் கையில கிடைச்சான்..." என்று திட்டினார். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். தோளில் பழைய கன்றல்கள் பச்சையாக, புதியது சிவப்பாக. எல்லாம் இடது பக்கம்.

  எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் விமானத்தின் மூடிகளைக் கழற்றினேன். ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு விரிசல், தேய்ந்துபோன ஒரு கப்பி, எதுவாவது இருக்கட்டும், கடவுளே, விமானம் கெட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். எந்த மெக்கானிக்காவது இப்படி வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டேன். விமானத்தில் கோளாறு இல்லையென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அது ஸ்பானர் எடுத்து நான் சரிசெய்யக்கூடிய இடம் இல்லை.

விமானம் புதுசு போல இருந்தது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு அவரிடம் போனேன்.

"இன்னைக்கு நானும் வர்றேன். அந்தத் தொங்கலை என் கண்ணால பாக்கணும்."

"இதைத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்!" அவருக்கு ஒரே குஷி.

மாணவர்கள் உட்காரும் இடது இருக்கையில் நான். வலது பக்கம் அவர். மேகமே இல்லாத வானம். இப்படிப்பட்ட நாளில் கருவிகளைப் பார்க்கவே கூடாது என்பார். வெளியே அடிவானம் இருக்கிறது. அதற்கும் விமானத்தின் மூக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியும். இரண்டு இறக்கை நுனிகளும் அடிவானத்துக்கு ஒரே உயரத்தில் இருந்தால் விமானம் நேராக இருக்கிறது. அவ்வளவுதான் பாடம். ஆனால் மூக்கு உருண்டையானது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து விளக்குவார்: "நாம நடுவுல உக்காரல, ஒரு ஓரமா உக்காந்திருக்கோம். நமக்கு எதிர்ல இருக்கிறது இந்தச் சரிவு. இதை அடிவானத்தோட ஒட்ட வெச்சா வண்டி சாஞ்சிடும். புதுப் பசங்க எல்லாம் இதுலதான் ஏமாறுவாங்க. ரெண்டு பக்கமும் பாக்கணும்." எனக்கு மனப்பாடம்.

மேலே போனதும் கைப்பிடியை அசைத்து விமானத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். "இப்ப பாரு. இப்ப நேரா இருக்கு."

என் பக்கத்து ஜன்னல் முழுக்க வயல். அவர் பக்கத்து ஜன்னல் முழுக்க வானம். எனக்கு எதிரே இருந்த, சாய்வைக் காட்டும் கருவியில் கோடு சாய்ந்து கிடந்தது. அவருக்கு எதிரே இருந்த மூக்கின் சரிவு மட்டும் அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் வருகிற பையன் செய்கிற தப்பு.

"இப்ப கைய விடறேன், பாரு," என்று விட்டார். விமானம் மெல்லத் தானாக நிமிர்ந்தது. என் ஜன்னலில் வயல் இறங்கி அடிவானம் வந்தது.

"பாத்தியா! தொங்குதா இல்லையா? இத்தனை நாளா நான் என்ன பொய்யா சொன்னேன்?"

அது தொங்கவில்லை. நேராகிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என் முகம் கொஞ்சம் சுருங்கினாலே "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று பத்துத் தடவை கேட்டு எரிச்சல் மூட்டுகிற மனுஷர் இவர். இப்போது முழங்கை இடிக்கிற தூரத்தில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். அவர் முன்னால் பார்த்தபடி, எந்தக் கேபிளை மாற்றலாம் என்று எனக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வலது கையை உயர்த்தி அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"என்னங்க. திரும்பாம, முன்னாடியே பாத்துக்கிட்டு சொல்லுங்க. நான் எத்தனை விரல் காட்டுறேன்?"

"எங்க காட்டுறே?"

"இங்கதான். உங்க பக்கத்துல."

  அவர் தலையை முழுசாகத் திருப்பினார். என் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா அழறே?"

 அவர் தலையைத் திருப்பித் திருப்பி, இடது இறக்கை, வலது இறக்கை, மறுபடியும் இடது என்று பார்த்தார். புதுப் பையனைப்போலப் பார்த்தார். 

"இறங்கிடலாம்," என்றார். "இடது பக்கம் நீ சொல்லு."

சொன்னேன். "கொஞ்சம் தூக்குங்க... போதும்... இன்னும் கொஞ்சம்... போதுங்க." அவரைப்போலப் பூ மாதிரி தரையில் வைக்க யாராலும் முடியாது. அன்றைக்கும் அப்படித்தான் வைத்தார்.

பட்டாசு எதிரே வந்தாள். "என்ன சார், கண்டுபிடிச்சிட்டீங்களா? வண்டியில என்னதான் கோளாறு?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா," என்றார். "நாளையிலிருந்து என் பசங்களையும் நீயே கூட்டிட்டுப் போ."

அவள் சிரித்தாள். "லீவா சார்? எத்தனை நாளைக்கு?"

 பதிலை என்னிடம் கேட்க அவர் என்னைத் தேடினார். வலது பக்கம் திரும்பி, விமானத்துக்குப் பின்னால் பார்த்து, கொட்டகை வாசல் வரைக்கும் தேடினார். நான் அவருடைய இடது தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.